செட்டிநாட்டு விசேஷங்களுக்கு லைவ்: குறைந்த பணத்தில் மூன்று கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீடியோ எடுக்கும் தம்பிகள் இப்போது அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “அண்ணே, கல்யாணத்துக்கு லைவ் போடணும்னு கேக்கிறாங்க. கையில ரெண்டு லட்சம் தேறும். மூணு கேமரா வேணும். எதை வாங்கலாம்?”

கேட்கும் வீட்டாரிடமும் நியாயம் இருக்கிறது. சொந்தத்தில் பாதி சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று பரந்து கிடக்கிறது. வயதான ஆயாவால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. பேத்திக்குத் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தை அவர் டிவியிலாவது பார்த்தாக வேண்டும். அந்த ஐந்து நிமிடம் படம் நின்றுபோனால், பிறகு எவ்வளவு அழகாக எடிட் செய்து கொடுத்தாலும் ஈடாகாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்ந்த கேமரா ஒன்றும், அதோடு ஒட்டாத கேமரா இரண்டும் வைத்திருப்பதைவிட, சுமாரான கேமரா மூன்று ஒரே மாடலில் இருப்பது லைவுக்கு நல்லது. எடிட்டிங்கில் நிறத்தைச் சரிசெய்ய வாரக்கணக்கில் நேரம் இருக்கும். லைவில் ஸ்விட்சரில் (ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பெட்டி) பட்டனை அழுத்திய நொடியில் அரக்குப் புடவை செங்கல் நிறத்துக்குப் போனால், போனதுதான். பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் பத்து நிமிடத்தில் கண் சோர்ந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நிறம். ஒவ்வொரு கம்பெனியும் தோலின் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். கேனானும் சோனியும் அருகருகே நின்றால் மாப்பிள்ளையின் முகம் இரண்டு விதமாகத் தெரியும். ஒரே கம்பெனியிலும் சென்சார் மாறினால் வித்தியாசம் வரும். ஆகவே கம்பெனிப் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, மாடலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வளவின் வெளிச்சம். மண்டபத்தில் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. நம் வீடுகளில் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம்; இதைத்தான் வளவு என்கிறோம். காலை பத்து மணிக்கு முற்றத்தில் வெயில் கொளுத்தும். நாலடி தள்ளினால் நிழல். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதன் முன்னால் பட்டுப் புடவையும் வைரத்தோடும். ஆட்டோவில் விட்ட கேமரா, யாராவது வெள்ளை வேட்டியோடு குறுக்கே போனாலே முகத்தை இருட்டாக்கிவிடும். எனவே ஐரிஸ் (ஒளி புகும் துளை), ஷட்டர், கெயின் (படத்தை மின்னணு முறையில் வெளிச்சமாக்குவது), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்வது) நான்கையும் கையால் பூட்டிவைக்க முடிகிற கேமராதான் இங்கே ஆகும். விற்பனைப் பேச்சில் 4கே பற்றி நிறையச் சொல்வார்கள். லைவ் போவது பெரும்பாலும் 1080-ல், சில சமயம் 720-ல். 4கேவுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

நிற்காமல் ஓடுவது. மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கினால் பந்தி வரை சில மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். சூடேறி அணையும் கேமராக்களும் உண்டு.

வெளியே வரும் படம். எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தில் பேட்டரிக் குறி, ஃபோகஸ் கட்டம் எதுவும் இருக்கக் கூடாது. மெனுவில் அவற்றை அணைக்க முடியாத கேமரா, படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லைவுக்கு உதவாது. வாங்கும் முன் ஒரு டிவியில் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

துணிமணி. இது நம் ஊருக்கே உரிய சோதனை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் கட்டம்தான் அழகு. சென்சாரின் வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிற பழைய டிஎஸ்எல்ஆரில் அந்தக் கட்டங்கள் தூரத்துக் காட்சியில் நெளிந்து மினுங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் அதே கதைதான். பார்க்கப்போகும்போது ஒரு கண்டாங்கிச் சேலையைப் பையில் எடுத்துப் போய், பதினைந்து அடி தள்ளி விரித்துப் பாருங்கள்.

50 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 அல்லது 50 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் விளக்கு துடிப்பது பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஹேண்டிகேம்கள் பல 60-லேயே பூட்டப்பட்டவை. சும்மா கிடைக்கிறதே என்று அதைச் செட்டில் சேர்த்தால், டியூப்லைட் எரியும்போதெல்லாம் படத்தில் பட்டை ஓடும். சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கியதில் இந்தத் தொல்லை பொதுவாக இருக்காது. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான்.

## 1. செகண்ட் ஹேண்ட் கேம்கார்டர், ஒரே மாடலில் மூன்று

என் ஓட்டு இதற்கே. கல்யாண வீடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதில் நல்ல கேம்கார்டர்கள் விலைக்கு வருகின்றன. லைவுக்கு வேண்டிய குணங்கள் அவற்றில் ஏற்கனவே இருக்கின்றன: மணிக்கணக்கில் ஓடும், அடாப்டரில் ஓடும், ஜூம் கை விரலில் இருக்கும், படத்தில் முன்னும் பின்னும் பெரும்பாலும் ஃபோகஸில் இருக்கும்.

இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். தோளில் வைத்து எடுக்கும் சோனி எம்சி 2500 நம் பக்கம் பார்த்துப் பழகிய கேமரா. ஆனால் அதன் சென்சார் 1/4 அங்குலம்தான். வெளிச்சம் குறைந்த தாழ்வாரத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். சோனி என்எக்ஸ் 100-ல் 1 அங்குல சென்சார், 12 மடங்கு ஜூம், வெயில் வெளிச்சத்தைக் குறைக்க உள்ளேயே என்டி ஃபில்டர், இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் சொருகி. மூன்று எம்சி 2500-க்கும் இரண்டு என்எக்ஸ் 100-க்கும் நடுவில் தடுமாறினால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். வளவுக்குள் இருட்டில் படம் கெட்டுப்போனால் மூன்றாவது கோணம் இருந்து என்ன பயன்?

மறைந்திருக்கும் செலவு: பேட்டரிகள் பழசாகிப் போயிருக்கும். மூன்றுக்கும் புதிதாக வாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். இந்தச் சிறு கேம்கார்டர்கள் பலவற்றில் எஸ்டிஐ (நீண்ட கேபிளில் படத்தை அனுப்பும் இணைப்பு) கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். அதன் செலவு கேபிளில் வரும், கீழே சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு கோணம் என்று புதுப் பையன்களை நிறுத்தப்போகிறீர்களா? அவர்களுக்கு இதைவிட எளிதான கேமரா கிடையாது.

## 2. புது மிரர்லெஸ்

முகூர்த்தத்துக்கு லைவ், மறுநாள் கேண்டிட், அதற்கு மறுநாள் காதணி விழாவுக்கு போட்டோ என்று ஒரே கேமராவை எல்லாவற்றுக்கும் ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும். சோனி இசட்வி-இ10 2021-ல் இங்கே வந்தபோது கிட் லென்சோடு (கேமராவுடன் சேர்த்துத் தரும் லென்ஸ்) 69,990 ரூபாய். எச்டிஎம்ஐயில் சுத்தமான படம் வரும். முகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ் நன்றாக இருக்கும். பெரிய சென்சார் என்பதால் மாலை வெளிச்சத்தில் படம் கேம்கார்டரைவிட அழகு, சந்தேகமே இல்லை.

சிக்கல் லென்சில். கிட் லென்சின் 50 எம்எம் முனை, பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 75 எம்எம். என்எக்ஸ் 100-ன் நீள முனை அதே கணக்கில் 348 எம்எம். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். கம்பன் விழா போன்ற மேடையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பேச்சாளரின் முகத்தைப் பிடிக்க வேண்டுமானால் தனியாக டெலி லென்ஸ் வாங்க வேண்டும். அதன் விலை பட்ஜெட்டை அப்படியே விழுங்கிவிடும். மூன்று கேமராவுக்கு மூன்று விதமான லென்ஸ் போட்டால் நிறமும் ஒளியும் மறுபடி பிரிந்துபோகும்.

டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் சொருகி நேரே கரண்டில் ஓட்டுவது) மூன்று, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் மூன்று, கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் மூன்று என்று கணக்கில் சேருங்கள். அந்த மைக்ரோ சொருகி ரொம்பவும் மென்மையானது; பந்தியில் யாராவது கேபிளில் கால் இடறினால் கேமராவின் போர்டே போகலாம். வெயிலில் நிறுத்தினால் சூட்டையும் கவனிக்க வேண்டும். கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாய்ந்து ஓடும், அதனால் ஆப்பரேட்டருக்கு நிதானம் வேண்டும்.

## 3. போன்கள்

வீட்டிலேயே நடக்கும் சின்ன விசேஷம், முப்பது பேர், ஒரு மணி நேரம் என்றால் போன் போதும். ஸ்டாண்டில் வைத்து ஒரே போனில் லைவ் போட்டால்கூடக் குறையில்லை.

மூன்று போனை ஸ்விட்சரில் சேர்ப்பதுதான் கடினம். யூஎஸ்பி-சி இருந்தாலும் சில போன்கள் படத்தை வெளியே அனுப்பாது. வைஃபை வழியாகக் கணினியில் ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருளுக்கு அனுப்பலாம், அது இலவசம். ஆனால் ஒவ்வொரு போனின் படமும் ஒவ்வொரு அளவு பிந்தி வரும். தவில் அடி காதில் விழுந்த பிறகு கை இறங்குவதைப் பார்த்தால் தாளமே கெட்டதுபோல் இருக்கும். அதோடு பல போன்கள் 30 பிரேமில்தான் ஓடும். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் போய் PAL என்ற வடிவத்தைத் திறந்தால் 25 கிடைக்கும். சித்திரை வெயிலில் எந்தப் போனும் சூடேறித் திரையை மங்கலாக்கும், பிறகு அணைந்தும் போகும். கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு மூன்று போன் செட்டை நான் சொல்ல மாட்டேன்.

## 4. கையில் இருப்பதோடு இன்னும் இரண்டைக் கலப்பது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குவார்கள், அதில் தப்பில்லை. ஏற்கனவே ஒரு கேனான் இருக்கிறது, நண்பனிடம் ஒரு சோனி இருக்கிறது. பிரேம் அளவு வேறாக இருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2019-ல் வந்த பிளாக்மேஜிக் ஏடெம் மினி போன்ற ஸ்விட்சர், நான்கு எச்டிஎம்ஐயிலும் வரும் படத்தைத் தானே ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளும். நிறத்தை மட்டும் அதனால் ஒன்றாக்க முடியாது.

கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு வழி: மணவறையைப் பார்க்கும் இரண்டு கேமராவும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒட்டாத மூன்றாவதை முகம் பெரிதாகத் தெரியாத கோணத்துக்கு அனுப்புங்கள்: மாடியிலிருந்து வளவு முழுவதையும் காட்டும் காட்சி, நாதஸ்வரக் கச்சேரி, பந்தி. இடமே மாறிவிடுவதால் நிறம் மாறியது கண்ணை உறுத்தாது. மணப்பெண்ணின் முகத்தை மட்டும் இரண்டு வகைக் கேமராவுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள்.

## 5. இரண்டை வாங்கி, ஒன்றை வாடகைக்கு எடுப்பது

மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஊருக்குள் கிடைக்காவிட்டாலும் அங்கே கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே வாடகைக்கடையில் எந்த மாடல் புழங்குகிறது என்று விசாரித்து, அதே மாடலில் இரண்டை வாங்குவது புத்திசாலித்தனம். பெரிய வேலை வரும்போது மூன்றாவதும் நான்காவதும் அதே குடும்பத்திலிருந்து வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு தை, வைகாசி, ஆவணியில் தெரியும். முகூர்த்த நாளில் எல்லோருக்கும் கேமரா வேண்டும். தேதி சொன்ன அன்றே முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்காவிட்டால் வேறு மாடலைத்தான் கையில் கொடுப்பார்கள். போக்குவரத்தும் டெபாசிட்டும் தனி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய கேம்கார்டர் | புது மிரர்லெஸ் | போன் | கலப்பு | இரண்டு சொந்தம் + வாடகை |
|---|---|---|---|---|---|
| நிறம் ஒத்துப்போவது | நன்று | லென்சும் ஒன்றானால் நன்று | கடினம் | மோசம் | மாடல் ஒன்றானால் நன்று |
| நீண்ட நேரம் | கவலையில்லை | சூட்டைக் கவனிக்கணும் | சிரமம் | பலவீனமான கேமராவைப் பொறுத்தது | கவலையில்லை |
| தாழ்வார இருட்டு | சென்சாரைப் பொறுத்தது | மிக நன்று | சுமார் | மாறும் | வாங்கும் மாடலைப் பொறுத்தது |
| தூரத்து மேடை | மிக நன்று | லென்ஸ் செலவு | ஆகாது | மாறும் | மிக நன்று |
| மறைவுச் செலவு | பேட்டரி, கேபிள் | லென்ஸ், டம்மி பேட்டரி, சொருகி | நேரம், தாமதம் | உழைப்பு | முன்பணம், போக்குவரத்து |

## கேமராவுக்கு வெளியே போகும் பணம்

இரண்டு லட்சத்தில் கேமராவுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் போடாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் கேபிள். நகரத்தார் வீடுகள் பல, முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டவை. சாதாரண எச்டிஎம்ஐ கேபிளைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதற்கு மேல் போனால் ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்கலாம், ஆனால் அதற்கு ஒரு முனை கேமராவுக்கு, மறுமுனை ஸ்விட்சருக்கு என்று திசை உண்டு; மடங்கினால் உடையும். அல்லது எஸ்டிஐக்கு மாற்றும் சின்னப் பெட்டியை ஒவ்வொரு முனையிலும் வைத்து, 75 ஓம் கோஆக்ஸியல் கேபிள் ஓட்டலாம். நல்ல கேபிளில் 1080 படம் அறுபது எழுபது மீட்டர் தாராளமாகப் போகும், சொருகியும் திருகிப் பூட்டிக்கொள்ளும். கூட்டம் நடமாடும் இடத்தில் அந்தப் பூட்டு பெரிய நிம்மதி. வயர்லெஸ் பெட்டி ஆசையாகத்தான் இருக்கும். அதை ஒரு கேமராவுக்கு மட்டும் போட்டால் அந்தக் கேமரா மட்டும் பிந்தும்.

அடுத்தது ஸ்விட்சர். சாதாரண ஏடெம் மினியில் நான்கு கேமராவையும் ஒரே திரையில் பார்க்க முடியாது. ஏடெம் மினி ப்ரோவில் முடியும். கணினி இல்லாமல் நேரடியாக லைவும் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு பட்டன் அழுத்துவதற்குப் பதில் ப்ரோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மேல்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தச் சில நொடியில் கேமரா பேட்டரியில் உயிரோடு இருக்கும். ஸ்விட்சரும் ரவுட்டரும் அணைந்து மறுபடி எழும். அவற்றுக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

இன்டர்நெட் தனிக் கவலை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பல வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. பிராட்பேண்ட் இருக்காது. சுவர் கனத்துக்கு வளவுக்குள் சிக்னலும் வராது. வெவ்வேறு கம்பெனி சிம் இரண்டு வாங்கி, ரவுட்டரை மொட்டை மாடியில் வைத்து, கேபிளைக் கீழே இறக்குங்கள். முதல் நாள் அதே முகூர்த்த நேரத்தில் அப்லோடு வேகத்தை அளந்துபாருங்கள். 1080-க்கு ஆறு எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைக்கவில்லையா, யோசிக்காமல் 720-க்கு இறங்குங்கள். யூடியூபில் புதுச் சேனலுக்கு லைவ் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால் முந்தின இரவு சேனல் தொடங்குவது ஆகாது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்பிரைட் தடங்கல் வரலாம் என்பதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## யாருக்கு எது

வளவுக் கல்யாணமும் சாந்தியும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை)தான் உங்கள் பிழைப்பு என்றால் 1 அங்குல சென்சார் உள்ள பழைய கேம்கார்டர் இரண்டு, முகூர்த்தத்துக்கு மட்டும் மூன்றாவது வாடகைக்கு. பட்டிமன்றம், கம்பன் விழா, பள்ளி ஆண்டு விழா என்று மேடை வேலை அதிகமா? நீண்ட ஜூம் உள்ள கேம்கார்டர் மூன்று. அங்கே விளக்கு இருப்பதால் சின்ன சென்சாரும் சமாளிக்கும். கொப்புடையம்மன் தேர், சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி வெட்டவெளி என்றால் என்டி ஃபில்டரும் நீள ஜூமும் முதல் தேவை. கூட்டம் சேர்ந்தால் மொபைல் இன்டர்நெட் படுத்துவிடும் என்பதால், அங்கே கேமராவைவிட இணைப்புக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். போட்டோவும் கேண்டிடும் வருமானத்தில் பாதிக்கு மேல் என்றால் மிரர்லெஸ் இரண்டு, இரண்டிலும் அதே லென்ஸ்.

## வாங்கியபின் மூன்றையும் ஒன்றாக்குவது

ஒரே மாடலாக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒன்றாக இருக்காது. முந்தின உரிமையாளர் மெனுவில் என்னென்னவோ மாற்றி வைத்திருப்பார். மூன்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்து, பிக்சர் புரொஃபைலையும் பிரேம் அளவையும் ஷட்டரையும் ஒன்றாக வைத்து, அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஒயிட் பேலன்ஸை மணவறைக்கு வரும் வெளிச்சத்தில், ஒரே சாம்பல் அட்டையைக் காட்டி, மூன்றுக்கும் அடுத்தடுத்து எடுங்கள். வேட்டியைக் காட்டி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சலவையில் போட்ட நீலம் கேமராவை ஏமாற்றி முகங்களை மஞ்சளாக்கும். வெயில் ஏறி வளவின் வெளிச்சம் மாறினால் மூன்றுக்கும் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எடுத்தால் பழைய கதைதான். பிறகு மூன்றையும் ஒரே ஆளின் முகத்தில் நிறுத்தி, ஸ்விட்சரில் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெளிச்சம் கூடக் குறைய இருந்தால் கெயினைத் தொடாமல் ஐரிஸில் சரிசெய்யுங்கள்.

சத்தத்தை ஆம்ப்ளிஃபயர்காரரிடமிருந்து ஒரே வயரில் நேராக ஸ்விட்சருக்கு எடுங்கள். கேமரா மைக்கில் நாதஸ்வரம் உடைந்துதான் கேட்கும். தவில்காரர் சுதி பார்த்துத் தட்டும்போதே ரெக்கார்டு செய்து, கை விழுவதும் அடி கேட்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனித்து, இல்லாவிட்டால் ஸ்விட்சரில் ஆடியோவை ஓரிரு பிரேம் பின்னுக்குத் தள்ளுங்கள். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டாரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.